தேங்காய் உடைந்ததும் காதைப் பொத்துகிறவன்

பதினொரு மணிக்கு எங்கள் பள்ளியில் சமையல் வகுப்பு. ஆயாம்மா தேங்காயின் குடுமியைப் பிய்த்துவிட்டு அரிவாளின் முதுகால் இரண்டு தட்டு தட்டுவார். தேங்காய் பிளக்கும் அந்த நொடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொள்வான். தேங்காய் உடைகிற சத்தம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. உடைத்தால் துருவுவார்கள், துருவினால் பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் வரும், அதெல்லாம் வந்தால் மிக்ஸி ஓடும். மிக்ஸி ஓட இன்னும் கால் மணி நேரமாவது இருக்கிறது. அவன் இப்போதே தயாராகிவிட்டான். ஒன்பது வயது. இன்னும் பேச்சு வரவில்லை.

இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நம் அரசுக் காகிதங்களில் நீளமான ஒரு பெயர் இருக்கிறது: ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’. பதினோரு வருஷமாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அந்தப் பெயரை விண்ணப்பங்களில் என் கையாலேயே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கை கூசும். எங்கள் பள்ளியில் ஒரு நாள் முழுக்க வந்து உட்கார்ந்து பாருங்கள். இவர்கள் அளவுக்குப் புற உலகத்தைக் கவனிக்கிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நமக்கு வடிகட்டி வருகிற சத்தமும் வெளிச்சமும் வாசனையும் இவர்களில் பலருக்கு மொத்தமாக வந்து தலையில் இறங்குகிறது. அதைத் தாங்குகிற அளவில், கொஞ்சம் கொஞ்சமாக வரவைப்பதுதான் நாங்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை.

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘ஆட்டிசம்’ என்ற பெயரை அவர் அவர்களுக்கு எடுத்தாண்டார். தனக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்கள் என்ற எண்ணம் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் எதற்கெல்லாம் நடுங்கினார்கள் என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது: லிஃப்ட், வேக்குவம் கிளீனர், ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, சில நேரம் வெறும் காற்று. முட்டை அடிக்கும் கருவி என்று படித்ததும் எனக்கு எங்கள் பள்ளி மிக்ஸி நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு பழைய வீடு. நான்கு வயதிலிருந்து பத்தொன்பது வரை 26 பிள்ளைகள். பெயர் யாருடையதையும் எழுதப்போவதில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

காலை ஒன்பதுக்குள் வேன் வந்துவிடும். திண்ணையில் செருப்பு ஸ்டாண்டில் ஒவ்வொருவர் இடத்துக்கு மேலேயும் அவரவர் போட்டோ. செருப்பைக் கழற்றித் தன் இடத்தில் வைப்பதே சிலருக்கு ஆறு மாதப் பாடம். உள்ளே சுவரில் ஆளுக்கொரு துணிப்பட்டை தொங்கும். அதுதான் அவர்களுடைய ஷெட்யூல். அன்றைய நாள் முழுவதும் படங்களாக, மேலிருந்து கீழாக, வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். ஊஞ்சல், பிரார்த்தனை, மேஜை வேலை, பாத்ரூம், தின்பண்டம், சமையல், சாப்பாடு, வேன். ஒன்று முடிந்ததும் படத்தைப் பிய்த்து ‘முடிஞ்சது’ டப்பாவில் போட வேண்டும். அந்தப் பிய்க்கிற சத்தம் பள்ளி முழுக்க, நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். படங்களை நாங்களே எடுத்து, பிரின்ட் போட்டு, லேமினேட் செய்கிறோம். லேமினேட் செய்த அட்டையின் நாலு மூலையையும் கத்தரியால் வளைத்து வெட்டிவிட வேண்டும். மறந்தால், எதையும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு உதடு கிழிந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் டீச்சருக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

படங்களால் நாளை அடுக்கிக் காட்டுகிற இந்த வழக்கம் வடக்கு கரோலினாவிலிருந்து வந்தது. அங்கே எரிக் ஷாப்ளர் உருவாக்கிய ‘டீச்’ முறை 1972-இல் மாநிலம் முழுமைக்குமான திட்டமானது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சுவரில் இருக்கிற படம் பத்து முறை திரும்பிப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு பிள்ளையின் தோள் எப்படித் தளர்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஓர் ஐப்பசி மழை நாளில், ஒரு பையனின் ஷெட்யூலில் இருந்த ‘பார்க்’ படத்தை எடுத்துவிட்டு ‘டிராயிங்’ படத்தை ஒட்டினேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையை அவனே பார்க்கிறானே, புரிந்துகொள்வான் என்று நினைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் அலறினான். தூணில் தலையை முட்டினான். பார்க்கிறவர்கள் இதை அடம் என்பார்கள். அடம்பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், நாம் மசிகிறோமா என்று. இவன் யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சமாதானம் பேசினால் அதுவும் ஒரு சத்தம்தான். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பி, டியூப்லைட்டை அணைத்து, தூணுக்கும் தலைக்கும் நடுவே தலையணையை வைத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரமே சிவப்பு ஓரம் போட்ட ‘மாற்றம்’ என்ற அட்டையைச் செய்தேன். நல்லபடியாகப் போகிற நாட்களில் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு அதைக் காட்டிப் பழக்குகிறோம், மழை நாளில் உதவட்டும் என்று.

பத்தரைக்குத் தின்பண்ட நேரம். எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் அது. ஆறு வயதுப் பாப்பா ஒருத்தி, வந்த புதிதில் எது வேண்டுமானாலும் அழுகைதான். அவளுக்குப் படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்குகிற முறையைத் தொடங்கினோம். 1985-இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் அமெரிக்காவில் உருவாக்கியது, ‘பெக்ஸ்’ என்போம். முதல் படிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். நான் முன்னால் முறுக்கை வைத்துக்கொண்டு உட்காருவேன். நடுவில் முறுக்குப் படம். அவள் முறுக்கை நோக்கிக் கை நீட்டும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆயாம்மா அந்தக் கையைப் பிடித்துப் படத்தை எடுக்க வைத்து என் உள்ளங்கையில் வைப்பார். படம் கையில் விழுந்த கணமே “முறுக்கு!” என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். “என்ன வேணும் பாப்பா?” என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், நாம் கேட்கும் வரை பிள்ளை காத்திருக்கும். தானாக வந்து கேட்கிற பழக்கம் வராது. முறுக்கை விரல்நுனி அளவுக்கு ஒடித்து ஒடித்து, ஒரே நாளில் முப்பது தடவை.

ஐந்தாவது வாரம் நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். முந்தானையை யாரோ இழுத்தார்கள். கூடம் முழுவதையும் தாண்டி நடந்து வந்து, படத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஆளைத் தேடி வந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நானும் ஆயாம்மாவும் அழுதுவிட்டோம். முறுக்கைக் கொடுக்க அரை நிமிஷம் தாமதமானதில் பாப்பாவுக்குக் கோபம். அதற்கு நாலு மாதம் கழித்து அவள் அம்மா வந்து சொன்னார்: “மிஸ், நேத்து உப்புமா வச்சேன். ‘வேண்டாம்’ அட்டைய எடுத்துக் குடுத்துட்டா மிஸ். தட்ட தூக்கி எறியல.” சொல்லும்போது அந்த அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் டேப்லெட்டில், சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலியைத் தட்டிப் பேசுகிறார்கள். கருவி எதுவானாலும் முதல் பாடம் இந்த முந்தானையை இழுப்பதுதான்.

கூடத்து ஊஞ்சல் வீட்டோடு வந்தது. நாலு சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகை. வாரம் இரண்டு நாள் வரும் தெரபிஸ்ட் அதைப் பார்த்த அன்றே, விலை கொடுத்து வாங்கினாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்றார். காலையில் பத்து நிமிஷம் சீராக ஆடிவிட்டு வந்தால் சில பிள்ளைகளுக்கு மேஜையில் உட்கார முடிகிறது. ஒரு பையனுக்கு அது ஆகாது, வேகம் கூடிவிடும். அவனுக்கு மணல் நிரப்பிய பையைச் சுமந்துகொண்டு கிணற்றடி வரை நடை.

மேஜை வேலை என்பது துவரையையும் உளுந்தையும் பிரிப்பதில் தொடங்கி கணக்கு, வாசிப்பு வரை ஆளுக்குத் தகுந்தாற்போல் போகும். பெரிய பிள்ளைகள் கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்குக்கு வண்ணம் அடிப்பார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் மாற்றப் பழக்குவதும், வளர்ந்த பையன்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றப் பழக்குவதும் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு. இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் தவித்த அம்மாக்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து கேளுங்கள். பத்து வயதிலேயே தொடங்கிவிட வேண்டிய பாடம் இது.

வியாழக்கிழமை வெளியே போவோம். ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை, அல்லது தெருமுனை மளிகைக் கடைக்கு. கடை அண்ணாச்சிக்கு முதலில் நாங்கள் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. “பையன் படத்தைக் குடுப்பான் அண்ணாச்சி, என்கிட்ட கேக்காதீங்க, அவன்கிட்டயே குடுங்க, மீதிச் சில்லறைய அவன் கையிலயே வைங்க.” இப்போது அவரே மற்ற வாடிக்கையாளர்களிடம், “இருங்க, தம்பி எடுத்துட்டு இருக்கான்” என்று சொல்லிக் காத்திருக்க வைக்கிறார். பத்து ரூபாய் பிஸ்கட் வாங்க ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தை மனமுவந்து கொடுக்கிற மனிதர் ஒருவர் தெருவில் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

இனி என் தவறு ஒன்று. எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

பதினாலு வயதுப் பையன். ரயில்தான் அவன் உலகம். பேச்சு குறைவு, ஆனால் எண்கள் எல்லாம் அத்துப்படி. காலையில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் வைகை எக்ஸ்பிரஸ் எங்கள் பக்கம் கடக்கும்போது, பிரார்த்தனைக்கு நடுவில் கண்ணை மூடியபடியே “ஒன் டூ சிக்ஸ் த்ரீ சிக்ஸ்” என்பான். எதிர்த்திசையில் வந்தால் கடைசி எண் ஃபைவ். ஹாரன் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்டுவிடும். அன்று வைகை வரவில்லை. பிரார்த்தனை முடிந்தது, மேஜை வேலை தொடங்கியது, வரவில்லை. “ஒன் டூ சிக்ஸ் த்ரீ சிக்ஸ்?” என்று என்னையே பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னான். அது கேள்வி என்று எனக்கு உறைக்கவில்லை. “அப்புறம் பேசலாம் தம்பி, எழுது” என்றேன். அந்த நேரம் பார்த்து சிலிண்டர் வந்தது. நான்தான் போய் கேட்டைத் திறந்தேன், கையெழுத்துப் போட்டேன், மேல் தாழ்ப்பாளைப் போடாமல் உள்ளே வந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவன் நாற்காலி காலி.

பிள்ளை காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஓடு என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படிப் போய்விடும்போது நேர்கிற பெரிய ஆபத்து அதுதான். காவிரியில் அப்போது தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆயாம்மா செருப்பில்லாமல் அம்மா மண்டபப் படித்துறைக்கு ஓடினார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கூடையை மடியில் வைத்தபடி ஒரு பூக்கார அம்மா. “தண்டவாளத்தையே பாத்துட்டு இருந்தான்மா. கூட ஆள் இல்லாத புள்ளையாட்டம் தெரிஞ்சுது. அதான் நகராம ஒக்காந்துட்டேன்.” அவர் காலில் விழப் போனேன், விடவில்லை. நாங்கள் அங்கே இருக்கும்போதே வைகை வந்தது. எண்ணைச் சொன்னான், எழுந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ரயில் வந்துச்சா மிஸ்?” என்று கேட்டார். இப்போது கேட்டுக்கு இரண்டு தாழ்ப்பாள், திறந்தால் அடிக்கும் மணி. எல்லாப் பிள்ளைகள் சட்டையிலும் உள்பக்கம் போன் நம்பர் தைத்திருக்கிறது. அவன் ஷெட்யூலில் முதல் படமே ரயில். காலையில் செல்போனில் வைகை எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு, தாமதமென்றால் படத்துக்குப் பக்கத்தில் ‘லேட்’ என்ற அட்டையை ஒட்டுகிறேன். அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவான்.

புற உலகச் சிந்தனை அவனுக்கு இல்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது?

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐ.நா. சபை 2007-இல் தீர்மானித்து, 2008 முதல் நடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவுக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்தார்கள். மேடையில் பேனரில் அதே நீளமான பெயர். இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். நீல பலூன்கள், அதில் நாலைந்து வெடித்தன. மைக் கீச்சிட்ட ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகள் குனிந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்தார்கள். மேடையில் பேசியவர் இவர்கள்மீது அன்பு வைக்கச் சொல்லித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இருபதாவது நிமிஷத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேனில் ஏறியும் மிக்ஸிப் பையன் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதற்குப் பிறகு ஏப்ரல் 2 அன்று நாங்கள் எங்கும் போவதில்லை. அண்ணாச்சி, ஆட்டோக்கார அண்ணன்கள், அந்தப் பூக்கார அம்மா எல்லோரையும் பள்ளிக்கு வரச் சொல்லிப் பானகம் கொடுக்கிறோம். மைக் கிடையாது.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1995-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் கணக்கில் எடுத்த ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21-இல் இருக்கிறது. நடுவில் இருந்த வருஷங்களில் எங்கள் பிள்ளைகள் பலர் மனவளர்ச்சிக் குறைபாடு என்ற சான்றிதழோடுதான் அலைந்தார்கள். இப்போது சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண், மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். அந்த 40-இல், கண்ணும் காதும் தோலும் உலகத்தை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்று கேட்பதற்கே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. சான்றிதழ் கொடுப்பதற்கு முன் கேட்கிற கேள்விக்குத் தெரிந்த விஷயம், சான்றிதழ் கொடுத்த பின் வைக்கிற பெயருக்குத் தெரியவில்லை. பெயரை மாற்றுங்கள். ‘ஆட்டிசம்’ என்றே எழுதினாலும் போதும், எந்தக் கிராமத்து அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறார். பதினெட்டு வயதுக்குப் பிறகான சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு, 1999-ஆம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கப்புறம் யார் என்ற கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. அந்தக் கேள்வி திண்ணையில் காத்திருக்கும் எல்லா அம்மாக்களின் கண்ணிலும் தினமும் இருக்கிறது.

மிக்ஸிப் பையனிடம் வருகிறேன். சத்தம் எப்போது வரும் என்பது தன் கையில் இருந்தால் தாங்க முடியுமா என்று பார்க்கலாம் என்றார் தெரபிஸ்ட். முதல் இரண்டு வாரம் ஜார் இல்லாத மிக்ஸி, பிளக் செருகாமல், மேஜைமேல் சும்மா இருந்தது. தொட்டான், திருகினான். பிறகு பிளக் செருகி, ஒரு நொடி மட்டும், அவன் கையாலேயே. திருகிவிட்டு ஓடிப் போனான். மறுநாள் வரவில்லை. அடுத்த நாள் தானாக வந்தான். மூன்று மாதம் ஆயிற்று.

இப்போதும் தேங்காய் உடைந்ததும் காதைப் பொத்திக்கொள்கிறான். துருவி முடித்து, ஜாரில் எல்லாவற்றையும் போட்டு ஆயாம்மா மூடியை அழுத்தியதும் எழுந்து வருகிறான். உடனே சுவிட்சைப் போடுவதில்லை. கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் போய், கையைப் பிடித்துத் தூக்கி அவரவர் காதில் வைக்கிறான். ரயில் பையனுக்கு, முறுக்குப் பாப்பாவுக்கு, கடைசியில் எனக்கு. யாராவது விட்டுப்போயிற்றா என்று ஒரு சுற்று பார்க்கிறான். நேற்று ஆயாம்மா ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் இரண்டு கையையும் இழுத்துக் காதில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“பொத்திக்கிட்டேன் ராஜா, நீ போடு” என்றார் ஆயாம்மா.